கையெழுத்து நம்முடையது, முடிவு யாருடையது? காவிரிப் படுகையில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் 2024 ஆகஸ்டில் மறுகட்டமைப்புச் செய்யப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களின் ஈராண்டுக் காலம் 2026 ஆகஸ்டோடு நிறைவடைகிறது. சட்டமன்றத் தேர்தலுக்குக் கிடைக்கும் கவனத்தில் நூறில் ஒரு பங்குகூட இந்த மறுகட்டமைப்புக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆயினும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் சேரிகளில் வாழும் தலித் குழந்தைகளைப் பொறுத்தவரை, அவர்களுடைய அன்றாட வாழ்வை மிக அருகிலிருந்து தீர்மானிக்கும் அமைப்பு இதுதான். வகுப்பறையில் யார் எங்கே அமர்கிறார்கள், கழிவறையை யார் கழுவுகிறார்கள், காலை உணவை யார் சமைக்கிறார்கள், ஓட்டுக் கட்டடம் எப்போது சீராகும் என்பவை அனைத்தும் இக்குழுவின் கண்காணிப்பு எல்லைக்குள் வருகின்றன.

இன்னொரு காரணத்தாலும் இது முதன்மை பெறுகிறது. 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாள் முடிவுற்றது. அதன்பின் இம்மாவட்டங்களின் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. தலைவரும் வார்டு உறுப்பினரும் இல்லாத ஊரில், மக்களால் தெரிவு செய்யப்பட்டதாகச் சொல்லிக்கொள்ளத்தக்க ஒரே பொது அமைப்பாகப் பள்ளி மேலாண்மைக் குழு நின்றது. அந்த அமைப்பில் நமக்குரிய இடம் எது என்பதைப் பேசியாக வேண்டும்.

சட்டம் தந்திருப்பது

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் அப்பள்ளியில் பயிலும் குழந்தைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் நலிவடைந்த பிரிவினருக்கும் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் அளிக்கப்பட வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணித்தல், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைத்தல், அரசிடமிருந்தும் பிற வழிகளிலும் வரும் நிதி எவ்வாறு செலவாகிறது எனப் பார்த்தல் ஆகியவை குழுவின் பணிகள்.

இவற்றுள் பலர் கவனிக்கத் தவறுவது 22ஆம் பிரிவு. குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டமே அரசும் உள்ளாட்சி அமைப்பும் ஒதுக்கும் நிதிக்கு அடிப்படையாக இருக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. ஆக, சட்டத்தின் கண்ணில் இக்குழு மனு எழுதிக் காத்திருக்கும் பெற்றோர் சங்கம் அன்று. பள்ளிக்கு எது தேவை என்பதை முதலில் எழுதும் அதிகாரம் பெற்ற ஆளுகை அமைப்பு.

தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் பெரும்பாலும் பதிவேட்டில் மட்டுமே இருந்த இக்குழுக்களை 2022இல் மாநில அரசு 'நம் பள்ளி நம் பெருமை' என்ற பெயரில் உயிர்ப்பித்தது. 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 20 பேர் கொண்ட குழுக்கள் அமைக்கப்பட்டன. தாய் ஒருவரே தலைவர் என்ற ஏற்பாடு நடைமுறையானது. 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்கள் சேர்க்கப்பட்டு உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. கூலி வேலை செய்யும் தலித் தாய்மார் பலர் வாழ்வில் முதன்முறையாக ஒரு பொது அமைப்பின் தலைவர் நாற்காலியில் அமர்ந்தது இந்த நான்கு ஆண்டுகளில்தான். இதைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த நாற்காலியின் கால்கள் எவ்வளவு உறுதியானவை என்று பார்ப்பது நம் கடமை.

காலியான வீட்டின் சாவி

ஆளுகை உரிமை நமக்கு எப்போது, எந்தப் பள்ளியில் கிடைத்திருக்கிறது என்பது முதற்கேள்வி. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளைத் தொடவே இல்லை. 2012இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை மட்டுமே கூறலாம் என்று அதன் கையைக் கட்டிவிட்டது. அரசுப் பணத்தில் ஆசிரியர் ஊதியம் பெறும் பள்ளியிலும், நியமனமும் கட்டடமும் கணக்கும் நிர்வாகத்தின் பிடியிலேயே இருக்கின்றன. காவிரிப் படுகையின் பழைய உதவி பெறும் பள்ளிகளின் நிர்வாகத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் நிலமும் கோயில் அறங்காவல் பொறுப்பும் வணிகமும் யாரிடம் இருந்தனவோ அவர்களின் வழித்தோன்றல்களையே காணலாம்.

எஞ்சியிருப்பவை அரசுப் பள்ளிகள். ஊர்த்தெருப் பிள்ளைகள் வேன் ஏறித் தனியார் பள்ளிக்குப் போய்விட்டபின், பல ஊர்களின் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் எஞ்சியோர் பெரும்பாலும் தலித் குழந்தைகளே. ஆதிக்கச் சாதியினர் கைவிட்டுச் சென்ற பிறகே அந்தப் பள்ளியின் ஆளுகை தலித் தாயின் கைக்கு வருகிறது. காலியான வீட்டின் சாவியைக் கொடுப்பது போன்றது இது. அதே வேளையில், கைவிட்டவர்கள் முழுமையாக வெளியேறுவதும் இல்லை. கொடையாளர், ஊர்ப் பெரியவர், கல்வி ஆர்வலர் என்ற பெயர்களில் ஆண்டு விழா மேடையிலும் குழுக் கூட்டத்திலும் அவர்களின் நாற்காலி முன்வரிசையில்தான் போடப்படுகிறது.

இது புதிய கதையும் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொதுப் பள்ளி என்று சொல்லப்பட்டவை அக்கிரகாரத்திலும் ஊர்த்தெருவிலும் கோயிலை ஒட்டியும் இருந்ததால் பஞ்சமக் குழந்தைகள் அங்கே கால்வைக்க முடியவில்லை. அந்த நிலையில்தான் 1920கள் முதல் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை தனிப் பள்ளிகளைத் திறந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது, இடம் கேட்டு நிற்பதைவிட நிர்வாகத்தை நாமே ஏற்பது என்ற முடிவே அதில் இருந்தது. பள்ளிக்குள் நுழையும் உரிமையும் பள்ளியை ஆளும் உரிமையும் ஒன்றல்ல என்பதை அவர் தலைமுறை தெளிவாக அறிந்திருந்தது.

ஒரே சொல்லுக்குள் இருவர்

சட்டத்தின் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் என்ற தொடர் முதல் பார்வையில் நமக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். 2ஆம் பிரிவில் உள்ள வரையறையைப் படித்தால் ஓட்டை தெரியும். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு என்பதற்குள் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இருப்பது போலவே, சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினரும் இருக்கின்றனர். காவிரிப் படுகையில் நிலம் வைத்திருக்கும் வலிமையான சாதிகளில் சில, அரசுப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோரே. ஆகவே நடவுக்கு இறங்கும் தலித் பெண்ணும், அவரை நடவுக்கு அழைக்கும் நில உடைமையாளரின் குடும்பமும் சட்டத்தின் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். ஒரு குழுவில் தலித் பெற்றோர் ஒருவரும் இல்லாமலேயே விகிதாச்சாரம் நிறைவேறியதாகக் காகிதத்தில் காட்டிவிட முடியும்.

அரசமைப்பின் 243டி பிரிவு ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கு உறுப்பினர் இடங்களையும் தலைவர் பதவிகளையும் மக்கள்தொகை விகிதத்தில் ஒதுக்குகிறது, சுழற்சியையும் பேசுகிறது. அத்தனை தெளிவான ஒதுக்கீடு இருந்தும் 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை பத்தாண்டுகள் தலித் ஒருவர் தலைவராக நின்று பணியாற்ற முடியவில்லை. ஒதுக்கீடு இருந்த இடத்திலேயே இதுதான் நிலை என்றால், கல்வி உரிமைச் சட்டத்தில் தலைவர் பதவிக்கு அத்தகைய தனி ஒதுக்கீடே இல்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வழிகாட்டுதல்களில் வரும் முன்னுரிமை என்ற சொல் தலைமையாசிரியரின் நல்லெண்ணத்தை நம்பியது. நல்லெண்ணத்தை நம்பி உரிமையை ஒப்படைத்த அனுபவம் நமக்குப் போதுமான அளவு உண்டு.

2022இல் இதன் விளைவு வெளிப்படையாகவே தெரிந்தது. 13,331 தற்காலிக ஆசிரியர் பணியிடங்களை மேலாண்மைக் குழு மூலம் நிரப்பலாம் என்று அரசு அறிவித்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலைப் பட்டதாரி ஆசிரியருக்கு 12,000 ரூபாய் மாதத் தொகுப்பூதியம். இட ஒதுக்கீடும் இனச்சுழற்சியும் இந்நியமனங்களில் என்ன ஆகும் என்ற கேள்வி உடனே எழுந்தது. வழக்கும் நீதிமன்றம் சென்றது. ஊருக்குள் ஆள் எடுக்கும் அதிகாரம் ஒரு குழுவுக்கு வரும்போது, அந்தக் குழுவில் யார் குரல் ஓங்குகிறதோ அவருடைய உறவினரே முதலில் வேலை பெறுவார் என்பதை ஊரக வாழ்வை அறிந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமைப் பிற்பகலும் நடவுக் கூலியும்

அடுத்தது நேரம். குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் நடத்தப்படுகின்றன. ஆசிரியருக்கு அது பணி நேரம். கூலித் தொழிலாளிக்கு அது ஒரு நாள் கூலி. சூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறந்தால் குறுவை நடவு. அதைத் தொடர்ந்து சம்பா நாற்று, நடவு, களையெடுப்பு. தை மாதம் அறுவடை. பள்ளி ஆண்டின் முதல் பாதி முழுவதும் படுகையின் வயல் நாள்காட்டியோடு மோதுகிறது. குழுவாக ஒப்பந்தம் பேசி நடவு செய்யும் பெண்களில் ஒருவர் நடுவே எழுந்து கூட்டத்துக்குப் போக முடியாது. போனால் அன்றைய பங்கு போய்விடும். அறுபது ஆண்டுகளுக்கு முன் அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அந்த மண்ணில், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து ஆளுகையில் பங்கேற்குமாறு கேட்பது எளிய கோரிக்கையன்று. உறுப்பினருக்குப் படித்தொகை ஏதும் சட்டத்தில் இல்லை.

விளைவு என்ன? தீர்மானம் முன்னரே எழுதப்படுகிறது. தலைவரிடம் கையெழுத்துக்குப் பதிவேடு வீட்டுக்கே வருகிறது. பள்ளிக் கணக்கு தலைவர், தலைமையாசிரியர் இருவர் பெயரிலும் இயங்குவதால் தொகை எழுதப்படாத காசோலையிலும் சில இடங்களில் கையெழுத்து வாங்கப்படுகிறது. களத்தில் பணியாற்றும் தோழர்கள் இக்காட்சியை நன்கு அறிவர். தொகை பெரிதன்று என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் 31 முதல் 100 மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாயும், 101 முதல் 250 வரை உள்ள பள்ளிக்கு 50,000 ரூபாயும் மானியமாக வரையறுக்கப்பட்டுள்ளன. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காததற்காக 2024-25இல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கு 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தபோது, அதன் சுமை கடைசியில் வந்து இறங்கியது இத்தகைய சிறு பள்ளிகள்மீதே. நிதி குறையும்போது எதை முதலில் வெட்டுவது என்ற முடிவை எடுப்பவர் யார் என்பது அதனாலேயே பெரிய கேள்வியாகிறது. துப்புரவுப் பணியாளருக்குப் பணமில்லை என்றால், கழிவறைத் துடைப்பம் எந்தக் குழந்தையின் கைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியும்.

கண்காணிப்பு தவறினால்

2022இன் இறுதியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலித் குழந்தைகளைக் கழிவறை கழுவச் செய்தது வெளிவந்தது; தலைமையாசிரியர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். நோயுற்ற மகனிடம் கேட்டறிந்த ஒரு தாயின் புகாரே அதை வெளிக்கொணர்ந்தது. மாநிலம் முழுவதும் புதிய குழுக்கள் அமைந்த அதே ஆண்டில், கண்காணிப்பு வேலையைத் தனியொரு தாய் செய்ய வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ணாமல் தடுத்தவர்களும் பெற்றோர்களே. பெற்றோர் பெரும்பான்மை என்பது தன்னளவில் சனநாயகம் ஆகிவிடாது. சாதி பெரும்பான்மையாக அமரும் குழுவில் அது தீண்டாமைக்குத் தீர்மானம் போடும் கருவியாகவும் மாறக்கூடும்.

ஆளுகைப் பொறுப்பு தவறினால் என்ன நேரும் என்பதற்குத் தஞ்சை மாவட்டத்திலேயே ஆறாத சாட்சி உண்டு. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கிய வளாகத்தில் சத்துணவுக் கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள் மாண்டனர். மேல்தளத்தில் கீற்றுக் கொட்டகை இருந்ததும், வெளியேறும் வழி குறுகலாக இருந்ததும் ஒவ்வொரு நாளும் கண்ணில் பட்டவையே. 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் பள்ளிக்குழு ஒன்று இருக்க வேண்டும் என்றது; அதில் பெற்றோர் பெரும்பான்மை என்ற நிபந்தனை இல்லை. குழந்தையை அனுப்பியவர்களுக்கு அந்தக் கூரையைக் கேள்வி கேட்கும் சட்ட அதிகாரம் இருக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து 2014 சூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றும் 11 பேரைக் குற்றமற்றவர்கள் என்றும் தீர்ப்பளித்தது. 2017இல் உயர் நீதிமன்றம் தண்டனைகளைப் பெரிதும் குறைத்தது, சிலரை விடுவித்தது. பொறுப்பு என்ற சொல் இறுதியில் யார்மீதும் முழுமையாக நிற்கவில்லை. 2012 திருத்தத்தால், உதவி பெறும் பள்ளியின் பெற்றோர் இன்றும் ஆலோசனை சொல்பவராகவே நிற்கிறார் என்பதைக் கும்பகோணத்தை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

நலத்துறையா, கல்வித் துறையா?

2023-24 நிதிநிலை அறிக்கையில், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உள்ளிட்ட பல்வேறு துறைப் பள்ளிகள் அனைத்தும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. தலித் கட்சிகளும் இயக்கங்களும் எதிர்த்தன. சிறப்புக்கூறு நிதி பொதுக் கணக்கில் கரைந்துவிடும், பள்ளி நிலம் கைமாறும் என்ற அச்சம் நியாயமானது. மறுபக்கத்தில், தனித்துறையின் கீழ் ஆசிரியர் பற்றாக்குறையிலும் பழுதான கட்டடத்திலும் நலப் பள்ளிகள் நலிந்துகிடப்பதும் உண்மை. எந்தத் துறை என்ற விவாதத்தில் மறைந்துபோவது எந்தக் குழு என்ற கேள்வி. வலுவான, தலித் பெற்றோர் வழிநடத்தும் மேலாண்மைக் குழு இருந்தால் நலத்துறையின் அலட்சியத்தையும் கேட்கலாம், கல்வித் துறையின் அபகரிப்பையும் தடுக்கலாம். அது இல்லையென்றால் பெயர்ப்பலகை மாறும்; நிலைமை மாறாது.

நாங்குநேரிக் கொடுமைக்குப்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 சூன் 18 அன்று தன் அறிக்கையை அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம், சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை, ஒரு பகுதியின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராக நியமிக்காமை என அதன் பரிந்துரைகள் துணிவானவை. இவற்றை ஒவ்வொரு பள்ளியிலும் நடைமுறைப்படுத்திப் பார்க்க வேண்டிய இடமும் மேலாண்மைக் குழுவே.

மறுகட்டமைப்புக்கு முன் செய்ய வேண்டியவை

முதலாவதாக, உறுப்பினர் தெரிவு நாள் முன்கூட்டியே சேரியில் அறிவிக்கப்படுகிறதா எனப் பார்க்க வேண்டும். பள்ளியில் பயிலும் தலித் குழந்தைகளின் விகிதத்துக்குக் குறையாமல் தலித் பெற்றோர் குழுவில் இடம்பெற வேண்டும் என்ற கோரிக்கையை எழுத்தில் கொடுக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோரையும் பட்டியல் சாதியினரையும் ஒரே கணக்கில் சேர்க்காமல் தனித்தனியே கணக்கிடுமாறு மாநில விதிகளைத் திருத்தக் கோருவது நம் இயக்கங்களின் பொதுக் கோரிக்கையாக வேண்டும்.

இரண்டாவதாக, கூட்ட நேரம். நடவு, அறுவடைக் காலங்களில் கூட்டத்தை மாலை ஆறு மணிக்குப்பின் அல்லது விடுமுறை நாளில் வைக்குமாறு தீர்மானம் இயற்றலாம். கூலி இழப்புக்கு ஈடாக உறுப்பினர் படித்தொகை கேட்பதில் தயக்கம் வேண்டாம். உள்ளாட்சி உறுப்பினருக்கு அமர்வுப்படி உண்டு.

மூன்றாவதாக, ஒவ்வொரு கூட்டத்திலும் பாகுபாடு குறித்த ஒரு பொருள் நிரந்தரமாக இடம்பெற வேண்டும்: இருக்கை, தண்ணீர், உணவு, கழிவறை, விளையாட்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 8, 9 பிரிவுகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட குழந்தைகள் பாகுபடுத்தப்படாமல் காக்கும் கடமையை அரசின்மீதும் உள்ளாட்சியின்மீதும் வைக்கின்றன. 32ஆம் பிரிவின் கீழ் எழுத்து மூலம் தரும் புகாரை மூன்று மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் செல்லும். கல்வி நிலையத்துக்குள் நுழைவதைத் தடுப்பதை 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது.

நான்காவது, இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு நேரடியாகச் சொல்ல வேண்டியது. 24 பேர் கொண்ட குழுவில் முன்னாள் மாணவர்களுக்கு இடம் உண்டு. அந்த இடங்கள் இன்று பெரும்பாலும் நன்கொடை தருபவர்க்குப் போகின்றன. உங்கள் ஊர்ப் பள்ளியில் படித்து, மன்னர் சரபோஜி கல்லூரியிலோ மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ பட்டப்படிப்பில் இருக்கும் முதல் தலைமுறை மாணவரே அந்த இடத்துக்கு உரியவர். பதிவேட்டை உரக்கப் படித்துக் காட்டவும், தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திட வேண்டாம் என்று தலைவராக இருக்கும் அத்தையிடமோ சின்னம்மாவிடமோ சொல்லவும், மேம்பாட்டுத் திட்டத்தைத் தாளில் எழுதவும் ஒருவர் உடனிருந்தால் போதும். அக்குழுவின் தன்மையே மாறிவிடும்.

அண்ணல் அம்பேத்கர் கல்வியையும் அமைப்பாவதையும் ஒன்றாகவே வைத்துப் பேசினார். பள்ளி மேலாண்மைக் குழு அவ்விரண்டும் சந்திக்கும் மிகச் சிறிய இடம். கையெழுத்து ஏற்கெனவே நம்முடையதாகிவிட்டது. முடிவும் நம்முடையதாக வேண்டுமென்றால், தெரிவு நாளன்று நம் தெருவிலிருந்து எத்தனை பேர் பள்ளிக்குச் செல்கிறோம் என்பதில்தான் தொடங்க வேண்டும்.